மழை ஆட்டங்களுக்கு வந்தவர்கள்

என் ஸ்கூட்டரை மூடியிருப்பது ஒரு நீலத் தார்ப்பாய். ஸ்கூட்டருக்கு அது ரொம்பப் பெரிது. நாலாக மடித்துப் போட்டாலும் இரண்டு பக்கமும் தரையில் புரளும். கீழ்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வார். "லாரிக்குப் போடுறத ஸ்கூட்டருக்குப் போட்டு வெச்சிருக்கீங்களே சார்?" லாரிக்குப் போடுவதுதான். ஓரங்களில் பித்தளை வளையங்கள், வளையங்களில் நைலான் கயிறு, ஒரு மூலைக் கயிற்றில் மட்டும் ஒரு முடிச்சு. மூட்டை தூக்குகிறவர்கள் போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். சரியான முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். சரியான முனை எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஐப்பசி பிறந்து முதல் மழை இன்று காலையில் பெய்தது. தார்ப்பாயில் மழை விழும் சத்தம் மாடிவரை கேட்டது. அதைக் கேட்டால் எனக்கு மேஸ்திரியின் நினைவு வரும்.

மேஸ்திரி என்றால் கட்டட மேஸ்திரி இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய குடோன் வரிசையில் லோடு ஏற்றி இறக்குகிற ஒரு கேங்கின் தலைவர். உர மூட்டை, சர்க்கரை மூட்டை, பருப்பு மூட்டை, எது வந்தாலும் அவருடைய ஆட்கள்தான் இறக்குவார்கள். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மொத்த மளிகைக் கடை போட்டவர். எங்கள் சரக்கும் அதே குடோன் வரிசைக்குத்தான் வரும் என்பதால் எனக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் சொல்கிற இந்தச் சீசனில் அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அகலமான ஆள், இடது கால் கொஞ்சம் இழுக்கும். வலது கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். இரண்டும் ஃபுட்பால் கொடுத்தவை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், மண் மைதானத்தில் வெறுங்காலோடு கோல் கீப்பராக நின்றவர். அவருடைய கேங்கில் இருபத்திரண்டு பேர். "ரெண்டு டீமுக்குக் கரெக்டா ஆளு கீது தம்பி, பால்தான் இல்ல" என்பார்.

நான் காமர்ஸ் படித்துவிட்டு, கடையில் உட்காரமாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு நிகழ்ச்சி நிர்வாகக் கம்பெனியில் சேர்ந்திருந்த காலம். நகரத்தின் கால்பந்து கிளப்புக்கு உள்ளூர் ஆட்டங்களை நடத்திக்கொடுப்பது அந்தக் கம்பெனியின் வேலை. கேட், தடுப்பு, தண்ணீர், ஆம்புலன்ஸ், எல்லாம் நாங்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி. அந்த இரண்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே மயங்கிய நாட்கள் உண்டு. கடைக்காரன் பிள்ளை தராசை விட்டுத் தப்பித்துவிட்டான் என்று ஒரு நினைப்பு.

சீசன் தொடங்குவது மழைக்காலத்தில். யார் அந்தத் தேதியைக் குறித்தார்களோ, அவர்கள் சென்னையில் ஒரு ஐப்பசியாவது இருந்து பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். சென்னையில் குளிரே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அடைமழையில் நனைந்த சட்டையோடு, வங்காள விரிகுடாவிலிருந்து நேராக வருகிற காற்றில், பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பல் தானாகத் தந்தியடிக்கும். அதிலும் எங்கள் அணி முதல் ஆட்டங்களில் தோற்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தது. யார் வருவார்கள்? முதல் ஆட்டத்தன்று டிக்கெட் வாங்கியவர்களிலேயே பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் கூரைக்குக் கீழே, கேமரா இருக்கிற பக்கமாகப் போய் ஒண்டிக்கொண்டார்கள். கேமராவுக்கு எதிர்ப்பக்கம் கூரை கீழ்ப்படிகள் வரை நீளாது. டிவியில் தெரிவது அந்தக் கீழ்ப்படிகள்தான். அன்று நாடு முழுவதும் டிவியில் பார்த்தது பந்து, சேறு, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக நனைந்துகொண்டிருந்த காலி நாற்காலிகள்.

மறுநாள் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீ நார்த் மெட்ராஸ்தானே? அங்கதான் ஃபுட்பால் பைத்தியம் ஜாஸ்தியாமே. ஒரு பத்திருபது பேரப் புடிச்சுட்டு வா. டி-ஷர்ட் தரலாம், பிரியாணி பொட்டலம் தரலாம். எதிர்ப்பக்கம் கீழ்ப்படியில உக்காரணும், கத்தணும். அவ்வளவுதான்." எனக்கு உடனே மேஸ்திரிதான் நினைவுக்கு வந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மழை பெய்தால் குடோனில் லோடு இறக்க முடியாது. உரமும் சர்க்கரையும் ஒரு துளி பட்டால் போச்சு. லாரிகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கும், கேங்கு முழுவதும் கூலியில்லாமல் கூரைக்கடியில் பீடியோடு குந்தியிருக்கும். எந்த மழை எங்கள் மைதானத்தைக் காலி செய்ததோ அதே மழை இருபத்திரண்டு ஆட்களை வேலையில்லாமல் உட்காரவைத்திருந்தது. இந்தக் கணக்கைப் போட்டபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கடையில் உட்காரமாட்டேன் என்றவன் போட்ட முதல் வியாபாரக் கணக்கு.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னதும் அவர் பிரியாணியைப் பற்றியும் கேட்கவில்லை, டி-ஷர்ட்டைப் பற்றியும் கேட்கவில்லை. "உள்ளாற உடுவாங்களா? நெசமாவா? கீய்ப்படில, கிரவுண்டாண்டயேவா?" என்றுதான் கேட்டார். அந்த மைதானத்துக்குள் அவர் ஒரே ஒரு முறைதான் போயிருந்தாராம், இளவயதில், மாவட்ட அளவில் ஏதோ ஒரு ஆட்டத்துக்கு மாற்று கீப்பராக. இறக்கவே இல்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த ஆட்டத்துக்கு அவர்கள் ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி பத்தாம் கேட்டில் நின்று, குடோன் வாசலில் காவலாளியிடம் சொல்வதுபோலவே சொன்னார்: "என் கேங்கு. இருபத்திரண்டு." நான் உள்ளேயிருந்து கையைக் காட்டினேன், விட்டார்கள். பேப்பர் கிடையாது, சீட்டு கிடையாது. துறைமுகத்திலும் குடோனிலும் காலங்காலமாக நடக்கிற முறை அதுதான். மேஸ்திரி வாயால் சொல்கிற எண்ணிக்கைதான் கணக்கு. அதில் ஒருநாளும் ஒரு தலை கூடாது, குறையாது. பொய் சொன்னால் அடுத்த நாள் அந்த வாசலில் அவருக்கு வேலை இல்லை. இந்த முறையில் இருபது வருஷம் ஓட்டியவர் வேறு முறை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

கையோடு அந்த நீலத் தார்ப்பாயையும் கொண்டுவந்திருந்தார்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்து, நாலு மூலையை நாலு பேர் பிடிக்க, இருபத்திரண்டு பேரும் அதற்கடியில் புகுந்துகொண்டு ஆட்டம் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் காதில் வாக்கி டாக்கி அலறியது. "அந்த நீலக் கண்றாவி என்னது? ஒரு மூஞ்சியும் தெரியலைங்கறான் டிவிக்காரன். இறக்கச் சொல்லு." நான் படிகளில் இறங்கிப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பிறகு கேங்கைத் திரும்பிப் பார்த்தார். "மடிங்கடா. மூட்டை நனைஞ்சாத்தான் போச்சு. மனுசன் நனைஞ்சா காஞ்சுடுவான்." அது குடோனில் அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். மழை வந்ததும் சரக்கை மூடு, அப்புறம் உன் தலையைப் பார் என்பதற்காகச் சொல்வது. எல்லோரும் சிரித்தார்கள். தார்ப்பாய் மடிக்கப்பட்டு நாற்காலிக்கு அடியில் போனது. இருபத்திரண்டு மூஞ்சிகளும் மழையில் தெரிந்தன.

வாடகைக்குப் பிடித்த கூட்டம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கேமரா திரும்பினால் கத்தும், திரும்பாவிட்டால் செல்போனைப் பார்க்கும். இவர்கள் அப்படியில்லை. தண்ணீர் கேனையும் காலி டிரம்மையும் தட்டிக்கொண்டு கானா கட்டினார்கள். எதிரணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு முழங்காலில் வலி இருப்பதை இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிட்டு, "அவனாண்டயே போடு, அவனாண்டயே போடு" என்று எங்கள் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்கள். மேஸ்திரி கீப்பரைத் தவிர வேறு யாரையும் பார்க்கமாட்டார். பந்து எதிர்முனையில் இருக்கும்போதும் அவர் கண் எங்கள் கோல்கம்பத்தில்தான் இருக்கும். "சும்மா நிக்கும்போதுதான் கீப்பருக்கு வேல தம்பி" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் டிவியில் எதிர்ப்பக்கம் உயிரோடு தெரிந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க இப்படித்தான் போயிற்று. ஐந்து ஆட்டங்கள். ஐந்திலும் மழையோ, மழை விட்ட பிறகு வீசுகிற அந்த ஈரக்காற்றோ இருந்தது. மேஸ்திரிக்கு ஜலதோஷம் பிடித்து இருமலாகி, இருமல் மார்பில் இறங்கியது. "ஜல்புதான், ஒண்ணியும் இல்ல" என்று நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கேங்கில் இளையவன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தான். வாசலில் மேஸ்திரி "இருபத்தொண்ணு" என்று சொன்னார். டிவிக்காரர்களுக்கு மேஸ்திரியின் முகம் பிடித்துப்போயிற்று. மழை ஒழுகும் நெற்றி, திறந்த வாய், மேலே தூக்கிய அந்தக் கோணல் விரல் கை. அதை எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் போடுகிற விளம்பரத் துண்டில் சேர்த்துவிட்டார்கள். வியாசர்பாடி டீக்கடைகளில் அவருக்கு ஏகப்பட்ட மவுசு.

அவர்கள் வீடுகளில் மட்டும், ஃபுட்பால் பார்க்கத்தான் போகிறார்கள் என்பதை யாரும் நம்பவில்லை. மழை நாளில் கூலி கிடையாது என்று பெண்டாட்டிமார்களுக்குத் தெரியும். கூலியில்லாத நாளில் ஆம்பளைகள் சாயங்காலம் போய், நனைந்து, கண் சிவந்து, தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டிவியில் வருகிற அந்த முகத்தைக்கூட, "எங்கியோ போதைல கத்திகினு கீற, எவனோ புடிச்சிப் போட்டுட்டான்" என்று மேஸ்திரியின் மனைவி சொல்லிவிட்டாராம். மேஸ்திரி இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, கடைசி மழை ஆட்டம் முடிந்த அன்று, டீக்கடையில் வைத்து என்னிடம் கேட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"தை பொறந்தா மய நின்னுடும். எங்களுக்கும் வேல வந்துடும், அப்பால எங்களால வர முடியாது. ஒரே ஒரு மேட்ச்சு தம்பி. கடைசி மேட்ச்சு ஞாயித்துக்கெயம சாயங்காலம்னாங்க. அன்னிக்கு ஒண்டி குடும்பத்தோட வர்றோம். கூரைக்குக் கீய வேணாம், எங்க படிலயே உக்கார்றோம். பொம்பளைங்க பாக்கட்டும், நாங்க எங்க போனோம், இன்னாத்த பாத்தோம்னு."

நான் உடனே, "இதெல்லாம் ஒரு விஷயமா மேஸ்திரி, கூட்டிட்டு வாங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக. அடுத்தவன் வீட்டு நெய்யை எடுத்து விடுகிறவன் கைக்குத் தாராளம் அதிகம். வேண்டுமானால் டிக்கெட் எழுதி வாங்கித் தரட்டுமா என்றுகூடக் கேட்டேன். அதைத்தான் அவர் வேண்டாம் என்றார். "பேப்பரு கேட்டா உன்ன நம்பலன்னு ஆயிடும். உன் வாக்கு போதும். நான் எங்காளுங்ககிட்ட சொல்லிர்றேன்." பிறகு தார்ப்பாயை மடித்து, கயிற்றைச் சுற்றி அந்த முடிச்சைப் போட்டு என்னிடம் கொடுத்தார். "இத்த உங்க ஸ்டோர்ல போட்டு வெச்சிரு. அன்னிக்கு வெயிலு அடிச்சா கொயந்தைங்களுக்குப் புடிக்கலாம். அன்னிக்கு ஒண்டி இறக்கச் சொல்லாத." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தை பிறந்தது. மழை போயிற்று. என்ன மாயமோ, அணி ஜெயிக்கத் தொடங்கியது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம், எதிரணி பெரிய பெயர் எடுத்த அணி. டிக்கெட் முழுக்க விற்றுப்போயிற்று. ஐப்பசியில் குடை பிடித்துக்கூட எட்டிப் பார்க்காதவர்கள் முகத்தில் கலர் பூசிக்கொள்ளத் தயாரானார்கள். வியாழக்கிழமை மேனேஜரிடம் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். ஐம்பது, அறுபது பேர், மழைக்கு வந்தவர்கள், குடும்பத்தோடு. அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த மூட்ட தூக்குறவங்களா? இந்த மேட்ச்சுக்கா? உனக்குப் பைத்தியமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த சீசன் மழைக்குக் கூப்பிடலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று எங்கள் அப்பா சொல்வார். அதைக் கடைக்காரர்களின் புலம்பல் என்று நினைத்திருந்தேன்.

மேனேஜரைத் திட்டுவது சுலபம். பல வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் வியாழனிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை மூன்று நாட்கள் இருந்தன. என் கையில் போன் இருந்தது. போனில் மேஸ்திரியின் எண் இருந்தது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து குடோனுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். "மேஸ்திரி, முடியலை, மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருந்தால் அவர், "பரவால்ல தம்பி" என்று சொல்லி, தன் ஆட்களிடம் ஏதாவது காரணம் கற்பித்துச் சமாளித்திருப்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை, எப்படியும் சிலபேர்தான் வருவார்கள், ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் வேலை தலைக்குமேல் இருந்தது. அந்த வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெயில் சாய்ந்த நேரம் மினி லாரி வந்தது. ஒன்றில்லை, இரண்டு. நான் பத்தாம் கேட்டின் உள்பக்கத் தடுப்புக்கருகே நின்றிருந்தேன். முதலில் பெண்கள் இறங்கினார்கள். பட்டுப்புடவை கட்டியவர்கள்கூட இருந்தார்கள். ஃபுட்பாலுக்கு யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா என்று அன்று வரிசையில் நின்ற ஒரு பெண் இங்கிலீஷில் தன் கூட்டாளியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. தலை நிறைய மல்லிகை. தூக்குப்பாத்திரங்கள். எங்கள் கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த ஆம்பளைகள். மேஸ்திரி மட்டும் வெள்ளைச் சட்டை. வாசலில் நின்று வழக்கம்போலத் தெளிவாகச் சொன்னார்: "என் கேங்கு. குடும்பத்தோட. அறுபத்திமூணு."

காவலாளி புதியவன். மேஸ்திரியை உற்றுப் பார்த்தான். "அட, உன்ன டிவில பாத்திருக்கேன்பா" என்றான். கூட்டத்தில் ஒரு சந்தோஷச் சலசலப்பு. மேஸ்திரியின் மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்தேன். காவலாளி, "சரி, டிக்கெட்ட எடு" என்றான்.

டிக்கெட் இல்லை, தம்பி உள்ளே இருக்கிறார், அவரைக் கேளு என்று மேஸ்திரி சொன்னார். சொல்லிக்கொண்டே கண்ணால் துழாவினார். எங்களுக்கு நடுவில் பத்தடிகூட இருக்காது, ஒரு கம்பிக் கதவு. அவர் கண்டுபிடித்துவிட்டார். கையைத் தூக்கினார், டிவியில் தூக்குவதுபோலவே, அந்தக் கோணல் விரலோடு. "தம்பி!" என்றார். நான் வாக்கி டாக்கியைக் காதில் வைத்தேன். அதில் யாரும் பேசவில்லை. "ஆங், சொல்லுங்க, வர்றேன்" என்று வெறும் கருவியிடம் சொல்லிவிட்டு, திரும்பி, கழிவறைப் பக்கமாக வேகமாக நடந்தேன். இரண்டாவது தடவை "தம்பி" என்று கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண்குரல், கோபமில்லாமல், சலிப்பாக: "இதுக்குத்தான் இம்மா நாளு நனைஞ்சியா?"

அன்று ஜெயித்தோம். அந்தக் கீழ்ப்படிகளில் இருந்தவர்கள் துள்ளிக் குதித்ததைக் கேமரா காட்டியது.

ஒரு மேஸ்திரிக்குச் சொத்து என்று எதுவும் கிடையாது. லாரி அவருடையதில்லை, குடோன் அவருடையதில்லை. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க, லோடு கீது" என்று அவர் சொன்னால் இருபத்திரண்டு பேர் நம்பி வருவார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய தொழில். அறுபத்திமூன்று பேர் முன்னால், பெண்டாட்டி முன்னால், பட்டுப்புடவைகள் முன்னால் அவருடைய வாக்கு பொய்யானது. பங்குனியில் ஒருநாள் அப்பா சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏல, அந்த மேஸ்திரி கேங்கு ஒடைஞ்சு போச்சுல்லா. பாதிப் பயலுவ காட்டுப்பள்ளி ஹார்பருக்குப் போய்ட்டானுவ, மீதிப் பயலுவ வேற மேஸ்திரிகிட்ட. இவரு சொன்னா கேக்கமாட்டேங்கானுவளாம். நல்ல மனுஷன், என்னத்தப் பண்ணித் தொலைச்சாரோ." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த வருஷம் கிளப் வேறு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிட்டது. எங்களையும் கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டார்கள், மேனேஜரையும் சேர்த்து. ஸ்டோரைக் காலிசெய்த அன்று பழைய பேனர்களுக்கு அடியில் கிடந்த தார்ப்பாயை எடுத்து வந்தேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். கொடுக்கப் போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால், முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கயிற்றுச் சுற்றை மட்டும் உருவிவிட்டு, விரித்து ஸ்கூட்டர்மேல் போட்டேன்.

நான் கடைசியில் அப்பாவின் கடைக்கே வந்து சேர்ந்தேன். மேஸ்திரியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு நாள் பருப்பு லோடு பார்க்கக் குடோனுக்குப் போயிருந்தேன். மேஸ்திரி முதுகில் மூட்டையோடு பலகையில் ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கேங்குக்கு மேஸ்திரி வேறொருவன், முப்பது வயதுக்காரன், செல்போனில் பேசிக்கொண்டே "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையாட்டினான். ஐம்பதை நெருங்குகிற எங்கள் மேஸ்திரியின் காலில் அந்த இழுப்பு அதிகமாகியிருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, இருமிவிட்டு, என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னா தம்பி, சோக்கா கீறியா? அப்பா சொகமா?" என்றார். கேங்கில் அவரோடு கடைசிவரை நின்ற ஒரே ஒரு ஆள், ஒல்லியான பழைய கூட்டாளி, பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கேட்டாண்ட நான் கைய தூக்குனேனே. நீ என்ன பாத்தியா, பாக்கலியா? இவங்கல்லாம் பாத்தான், பாத்துட்டுத்தான் போனான்றானுங்க. நான் இல்லன்றேன். பாத்திருந்தா நம்ம தம்பி தொறந்து உட்டிருக்கும்னு இன்னி வரிக்கும் சொல்லிகினு கீறேன். நீயே சொல்லு."

நான், "பாக்கல மேஸ்திரி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மிகையில்லை, அந்த அழுக்குப் படிந்த, வியர்த்த முகம் அப்படியே மலர்ந்தது. கூட்டாளியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "நான் சொன்னேன்ல? பாக்கலயாம்டா. நான் சொன்னேன்ல?"  கூட்டாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரி அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். தார்ப்பாயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று நான் அவருக்கு நல்லது செய்தேனா, இன்னொரு தடவை அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேனா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னது அவருக்காக இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த வருஷம் அவரைக் குடோனில் காணவில்லை. மார்பில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றார்கள். மீஞ்சூரில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். நான் விசாரித்துக்கொண்டு போகவில்லை.

இன்று சாயங்காலம் புது சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து டிவியைப் போட்டேன். மழை விடவில்லை. கேமராவுக்கு எதிர்ப்பக்கம், கூரை எட்டாத கீழ்ப்படிகளில், ஒரே நிற டி-ஷர்ட்டில் முப்பது நாற்பது பேர். மீதி நாற்காலிகள் வழக்கம்போல நனைந்துகொண்டிருந்தன. யாருடைய ஆட்களோ, எந்த ஊரிலிருந்து கூட்டி வந்தார்களோ. அவர்களும் தலைக்குமேல் ஏதோ பிளாஸ்டிக் தாளைப் பிடித்திருந்தார்கள். பந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது தாள் இல்லை. அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் படியேறித் திரும்பிப் போவது ஒரு நொடி தெரிந்தது. டிவியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

காற்றில் தார்ப்பாயின் ஒரு பக்கம் விலகிப் பறந்துகொண்டிருந்தது. மழையில் நின்று அதை இழுத்து ஸ்கூட்டரைச் சுற்றிச் செருகினேன். அவர் போட்ட முடிச்சு இருந்த மூலை மட்டும் அசையவில்லை. ஸ்கூட்டர் நனையவில்லை, நான்தான் தொப்பலாக நனைந்துபோனேன். மனுசன் நனைஞ்சா காஞ்சுடுவான் என்று நீங்கள் சொல்வீர்கள். இத்தனை வருஷமாகக் காயவில்லை. பார்த்தேன் மேஸ்திரி. நீங்கள் கையைத் தூக்கியதை நான் பார்த்தேன்.